பன்னிரண்டு கேள்விகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களை நீக்கி, சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன்.)

இந்த எபிசோடை ஒரு ஆட்டோவில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்து பத்து நாள் கழித்து ரிவ்யூவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெளியே இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே நாலு நிமிஷம். டாக்டர், "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். பெரியம்மா, "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றார். அவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தார், அடுத்த தேதியை எழுதினார், வந்துவிட்டோம்.

ஆட்டோவில் ஏறியதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். வாயெல்லாம் புண். ஆறு நாளாக ஆறின கஞ்சியைத் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்கவில்லையாம்.

"ஏன் பெரியம்மா, டாக்டர்கிட்ட சொல்லவே இல்லையே?"

"வெளிய எத்தனை பேர் உக்காந்திருக்காங்க... இதைப் போய் சொல்லிக்கிட்டு."

அன்றைக்கு ராத்திரி நான் செய்தது நம்ம எல்லாரும் செய்வதுதான். லேப்டாப்பைத் திறந்து தேடினேன். வாய்ப்புண், கீமோ மருந்துகளின் பெயர்கள், சர்வைவல் சதவீதம், ஆராய்ச்சிக் கட்டுரைகள், மஞ்சள் கலந்த பால் வரைக்கும் போனேன். விடிகாலை மூன்று மணிக்கு எனக்கு ஏகப்பட்ட விஷயம் தெரிந்திருந்தது. பெரியம்மாவின் வாய்ப்புண் மட்டும் அப்படியே இருந்தது.

அப்போது வந்த எரிச்சலில் இருந்து வந்ததுதான் இந்த எபிசோட். புற்றுநோய் வந்தவங்க தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ள, கணினி வழியாக உதவி செய்ய 40 வருஷத்துக்கும் மேலாக முயற்சி நடக்கிறது. அதில் எது உண்மையிலேயே வேலை செய்தது? இதுதான் கேள்வி. முதலிலேயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. நான் கோடு எழுதுகிற ஆள். அந்தக் கண்ணோடுதான் இந்த வரலாற்றைப் படித்தேன்.

1982: ஒரு நூலகக் கணினி

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. ஹார்வர்டில் ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்று ஒரு பரிணாம உயிரியலாளர் இருந்தார். 1982 ஜூலையில் அவருக்கு வயிற்றுப் பகுதியில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இதைப் பற்றிப் படிக்க எது நல்ல கட்டுரை என்று தன் டாக்டரிடம் கேட்டார். படிக்கிற மாதிரி எதுவும் இல்லை என்று டாக்டர் சமாளித்துவிட்டார்.

கூல்ட் விடவில்லை. நடக்க முடிந்ததும் ஹார்வர்டின் கவுண்ட்வே மருத்துவ நூலகத்துக்குப் போய், அங்கிருந்த கணினித் தேடலில் நோயின் பெயரைத் தட்டினார். டாக்டர் ஏன் மழுப்பினார் என்பது ஒரு மணி நேரத்தில் புரிந்துபோனது. நோய் கண்டுபிடித்த பிறகு மீடியன் ஆயுள் எட்டு மாதம் என்று எல்லாக் கட்டுரையும் சொன்னது.

இந்த இடத்தில் நானாக இருந்தால் நொறுங்கிப் போயிருப்பேன். கூல்டுக்குப் புள்ளியியல் தெரியும். மீடியன் எட்டு மாதம் என்றால், பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். சரி, மீதிப் பாதி? நம்ம ஆபீஸில் சர்வர் ரெஸ்பான்ஸ் டைம் கிராஃப் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரிதான். நடுப்புள்ளி ஒரு இடத்தில் இருக்கும், வால் எங்கேயோ நீண்டுகொண்டு போகும். தன் வயது, நோயை முன்கூட்டியே கண்டுபிடித்தது, கிடைத்த சிகிச்சை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, தான் அந்த வாலில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டார். 1985-இல் டிஸ்கவர் பத்திரிகையில் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். இன்றைக்கும் புற்றுநோயாளிகள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் கட்டுரை அது. எட்டு மாதம் என்று படித்தவர் 20 வருஷம் வாழ்ந்தார். 2002-இல் அவர் இறந்தது வேறொரு புற்றுநோயால்.

கேட்க அருமையான கதை. "தகவல் கையில் இருந்தால் போதும், நோயாளி தன்னைப் பார்த்துக்கொள்வார்" என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஹார்வர்ட் பேராசிரியர். நூலகக் கதவு அவருக்குத் திறந்திருந்தது. கட்டுரையைப் படித்துப் பிரித்து மேயவும் தெரிந்தது. நம்ம வீட்டில் எத்தனை பேர் கூல்ட்?

தகவல் குழாய் திறக்கிறது

அதே 1980களில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பிடிக்யூ என்று ஒரு தரவுத்தளத்தை உருவாக்கியது. அதன் விரிவான பெயரிலேயே 'ஃபிசீஷியன்' என்ற சொல் இருக்கிறது. அதாவது டாக்டருக்காகக் கட்டியது. 1990களின் தொடக்கத்தில் இந்தத் தகவல்கள் ஃபேக்ஸ் வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் வெளியே வர ஆரம்பித்தன. பிறகு நோயாளிகளுக்கென்றே எளிய மொழியில் தனிப் பதிப்பும் வந்தது.

1994-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஆன்கோலிங்க் தளத்தைத் தொடங்கியது. புற்றுநோய்க்கென்று வலையில் வந்த முதல் தளங்களில் அதுவும் ஒன்று. நம்மில் பல பேர் பிறக்கவே இல்லாத காலம். 1990களின் நடுவில், மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த ஜீல் ஃப்ரைட்மன் என்பவர் இணையத்தில் தேடி, மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் ஒரு நோயாளிகள் குழுவைக் கண்டுபிடித்தார். டாக்டர் ஒருவர் மட்டும் சொல்லித் தெரிய முடியாத பல விஷயம் அங்கே கிடைத்தது. அந்த அனுபவத்தில் அவர் ஏகார் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் ஒன்று என்று நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் அதில் இயங்கின.

ஆக, பத்துப் பதினைந்து வருஷத்தில் கவுண்ட்வே நூலகத்தின் கதவு எல்லாருக்கும் திறந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா?

தெரிவதும் செய்வதும்

இதற்குப் பதில் புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கிடைத்தது: மூட்டுவாதம். ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் என்பவர் 1970களின் கடைசியில் இருந்து மூட்டுவாத நோயாளிகளுக்கு ஒரு வகுப்பு நடத்திவந்தார். வகுப்பை எடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அதே நோய் உள்ளவர்களும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் 'செல்ஃப் மேனேஜ்மென்ட்' என்று சொல்கிற சுய பராமரிப்புக்கு இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் வடிவம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

வகுப்புக்கு வந்தவர்களுக்கு வலி குறைந்தது. ஏன் குறைந்தது என்று லோரிக் குழு தோண்டிப் பார்த்தது. உடற்பயிற்சி போன்ற பழக்கங்களைக் கடைப்பிடித்ததற்கும் வலி குறைந்ததற்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு இல்லை. "இதை என்னால சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை யாருக்குக் கூடியதோ அவங்களுக்குத்தான் பலன் கிடைத்திருந்தது.

அந்த நம்பிக்கையை ஒரு வலைப்பக்கம் கொடுக்குமா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் கஸ்டாஃப்சன் என்ற பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் தொழில்துறைப் பொறியியல் ஆள், அதாவது நம்ம பக்கத்து ஆள். 1980களின் கடைசியில் அவர் குழு செஸ் என்ற அமைப்பை உருவாக்க ஆரம்பித்தது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் வீட்டிலேயே கணினியை வைத்து, தொலைபேசி இணைப்பில் இணைத்துவிட்டார்கள். அதில் கேள்வி பதில், கட்டுரைகள், மற்ற பெண்களின் அனுபவங்கள், நிபுணரிடம் கேள்வி கேட்கும் வசதி, முடிவெடுக்க உதவும் கருவிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன.

246 பெண்களை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2001-இல் வந்தது. கணினி கிடைத்தவர்கள் தேவையான தகவலைத் தேடி எடுப்பதிலும் டாக்டரோடு சேர்ந்து முடிவெடுப்பதிலும் தேறியிருந்தார்கள். காப்பீடு இல்லாதவர்கள், படிப்பு குறைந்தவர்கள், வெள்ளையர் அல்லாதவர்கள் ஆகியோருக்குத்தான் பலன் அதிகம்.

எனக்குப் பளிச்சென்று பட்டது அடுத்த சோதனை, 2008-இல் வெளியானது. 257 பெண்கள், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு இணைய வசதி. மூன்றாவது குழுவுக்கு செஸ். வெறும் இணையம் கிடைத்த குழு, எதுவுமே கிடைக்காத குழுவைவிடத் தேறவில்லை. செஸ் குழு தேறியது.

என் விடிகாலை மூன்று மணித் தேடலுக்கு ஆராய்ச்சி கொடுத்த மார்க் இதுதான்.

குழாயைத் திருப்பிப் போட்டவர்கள்

இதுவரைக்கும் பார்த்த எல்லாவற்றிலும் பெரும்பாலும் தகவல் ஒரே திசையில்தான் போனது. மேலிருந்து கீழே, நிபுணரிடம் இருந்து நோயாளிக்கு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் இருந்த ஈதன் பாஷ் என்ற ஆன்காலஜிஸ்ட் எதிர்த் திசையைப் பார்த்தார். நோயாளிக்கு இருக்கும் அறிகுறிகளில் பாதி வரை டாக்டர்களின் கவனத்துக்கு வராமலே போகிறது என்று ஏற்கெனவே ஆய்வுகள் சொல்லியிருந்தன. அங்கேயும் பெரியம்மாக்கள் உண்டு. அங்கேயும் "நல்லா இருக்கேன் டாக்டர்" உண்டு.

அவர் குழு செய்த கருவியின் பெயர் ஸ்டார். டெக்னிக்கலாகப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு சாதாரணம். ஒரு வெப் ஃபார்ம். அதில் 12 அறிகுறிகள்: வலி, குமட்டல், வாந்தி, பசியின்மை, சோர்வு, மூச்சுத் திணறல், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் இப்படி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை ஒரு எண். 0 என்றால் இல்லவே இல்லை, 4 என்றால் முடியவே முடியவில்லை. வீட்டில் கணினி பழக்கம் உள்ளவர்களுக்கு வாரா வாரம் நினைவூட்டல் மின்னஞ்சல் போகும். பழக்கம் இல்லாதவர்கள் மருத்துவமனைக்கு வரும்போது அங்கேயே பதில் சொல்வார்கள். ஏதாவது ஒரு எண் திடீரென்று இரண்டு படி ஏறினாலோ, 3-ஐத் தொட்டாலோ, நர்ஸுக்கு ஒரு மின்னஞ்சல் அலர்ட்.

அவ்வளவுதான். கல்லூரியில் மினி ப்ராஜெக்டாகக் கொடுத்தால், "இன்னும் கொஞ்சம் பெருசா பண்ணுங்கப்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2007 முதல் 2011 வரை, முற்றிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேர் இந்தச் சோதனையில் சேர்ந்தார்கள். ஃபார்ம் நிரப்பிய குழுவில், ஆறு மாதத்தில் வாழ்க்கைத் தரம் மேம்பட்டவர்கள் 34 சதவீதம். வழக்கமான சிகிச்சைக் குழுவில் 18 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் எமர்ஜென்சிக்கு ஓட வேண்டி வந்தவர்கள் இந்தப் பக்கம் 34 சதவீதம், அந்தப் பக்கம் 41 சதவீதம். ஃபார்ம் குழுவால் கீமோவையும் கூடுதல் காலம் தாங்க முடிந்தது: சராசரியாக 8.2 மாதம், மற்றவர்களுக்கு 6.3 மாதம்.

பிறகு 2017 வந்தது. பல வருஷம் தொடர்ந்து கவனித்த பிறகு ஆயுள் கணக்கை வெளியிட்டார்கள். மீடியன் ஆயுள் ஃபார்ம் குழுவுக்கு 31.2 மாதம், மற்றக் குழுவுக்கு 26 மாதம். ஐந்து மாதம் அதிகம். புது மருந்து ஒன்று இவ்வளவு கொடுத்தால் தலைப்புச் செய்தி ஆகும். இது ஒரு வெப் ஃபார்ம்!

அதே வருஷம் பிரான்சில் இருந்தும் ஒரு முடிவு வந்தது. ஃபப்ரிஸ் டெனி என்ற டாக்டரின் குழு, நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் வாரம் ஒரு முறை வீட்டிலிருந்தே அறிகுறிகளைக் கேட்டது. மற்றக் குழுவுக்கு வழக்கமான கால இடைவெளியில் ஸ்கேன். மீடியன் ஆயுள் 19 மாதத்துக்கு எதிராக 12 மாதம்.

அலர்ட்டை யார் எடுத்தது?

இதைப் படித்ததும் என் முதல் எண்ணம், "ஆப் ஒன்னு பண்ணிடலாம்" என்பதுதான். தொழில் புத்தி. ஆனால் ஆராய்ச்சியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேறொரு வரி கண்ணில் படும். வந்த அலர்ட்டுகளில் 77 சதவீதத்துக்கு நர்ஸ்கள் ஏதோ ஒன்று செய்திருக்கிறார்கள். போன் பண்ணி என்ன செய்யணும் என்று சொல்லியிருக்கிறார்கள், மாத்திரை எழுத வைத்திருக்கிறார்கள், மருந்தின் அளவைக் குறைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள், தேவைப்பட்டவர்களை உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆன்-கால் ட்யூட்டி பார்த்தவங்களுக்கு இது நல்லாவே புரியும். மானிட்டரிங் டாஷ்போர்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் அடிக்கும்போது போனை எடுக்க ஒரு ஆள் இல்லையென்றால் சர்வர் விழத்தான் செய்யும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டார் ஒரே ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்தது. அதன் முதன்மை நோக்கமாக வைத்திருந்தது வாழ்க்கைத் தரத்தைத்தான், ஆயுளை இல்லை. அதனால் பாஷ் குழு அமெரிக்கா முழுக்க 52 புற்றுநோய் கிளினிக்குகளில் 1,191 பேரை வைத்து ப்ரோ-டெக்ட் என்ற சோதனையை நடத்தியது. இணையம் வேண்டாம் என்றவர்களுக்குத் தானியங்கித் தொலைபேசி அழைப்பே கேள்வியைக் கேட்டது. இறுதி முடிவு 2025-இல் வெளியானது. அறிகுறிகளும் உடல் இயக்கமும் மோசமாவது தள்ளிப்போனது. எமர்ஜென்சிக்குப் போவதும் தள்ளிப்போனது, குறைந்தது. ஆனால் ஆயுளில் வித்தியாசம் இல்லை.

எனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஐந்து மாதம் என்ற எண்ணை மனதில் பிடித்துவைத்திருந்தேன். பிறகு ஆட்டோ ஞாபகம் வந்தது. பெரியம்மா அன்றைக்குக் கேட்டது கூடுதல் மாதங்களை இல்லை. ஒரு வாய் சோறு.

நோட்டுப் புத்தகம்

இத்தனையும் படித்துவிட்டு நான் ஆப் எதுவும் செய்யவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு பெரியம்மாவுக்கு போன் பண்ணுவேன். ஐந்து கேள்வி: வாய், வயிறு, வலி, சோர்வு, காய்ச்சல். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் எண், மற்றதுக்கு 0 முதல் 4. முதல் வாரம், "என்னடா இது, பரீட்சையா?" என்று திட்டினார். ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். வாயில் "நல்லா இருக்கேன்" என்று சொல்பவர், எண் கேட்டால் "3" என்றார். எண் சொல்வது புலம்புவது மாதிரி இல்லை போல. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன்.

அடுத்த ரிவ்யூவில் அந்த நோட்டை முதலில் டாக்டரிடம் காட்டவில்லை, வெளியே இருந்த நர்ஸிடம் காட்டினேன். அவர் இரண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "வாய் மூணா? இத்தனை நாளா? ஏன்மா சொல்லல?" என்றார். அவரே உள்ளே போய்ச் சொன்னார். வாய் கொப்பளிக்க ஒரு மருந்து, சாப்பிடுவதற்கு முன் தடவ ஒரு ஜெல். நாலு நாளில் குழைந்த சாதம் இறங்கியது. கிளம்பும்போது அந்த நர்ஸ் தன் வார்டு எண்ணை நோட்டின் அட்டையில் எழுதிக் கொடுத்தார். "ராத்திரி காய்ச்சல் 100.4-ஐத் தொட்டா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, போன் பண்ணுங்க" என்றார். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்து ஆகலாம். கீமோ எடுக்கும் ஒருத்தர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த எபிசோடில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

ஒரு ராத்திரி 101 காட்டியது. அந்த எண்ணுக்குப் போன் பண்ணினோம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார்.

'சுய பராமரிப்பு' என்ற சொல்லே கொஞ்சம் தப்பான பெயரோ என்று இப்போது தோன்றுகிறது. நோயாளி தன் உடம்பைக் கவனித்து எண்ணைச் சொல்லலாம். அதைக் கேட்டுக்கொள்ள அந்தப் பக்கம் ஒருத்தர் வேண்டும். அந்த ஆளுக்கு நேரமும் சம்பளமும் வேண்டும். செயலி செய்து கொடுக்க என்னை மாதிரி ஆயிரம் பேர் இருக்கோம். போனை எடுக்கிற நர்ஸ்கள்தான் போதவில்லை.

பெரியம்மாவின் சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ராத்திரி போன் மட்டும் நிற்கவில்லை. நேற்றுகூட, "நல்லா இருக்கேன்டா" என்றார்.

"நம்பர் சொல்லுங்க பெரியம்மா."

"எல்லாம் சைபர். முழங்கால் மட்டும் ரெண்டு."

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.